நியூ டவுனில் சைக்கிளுக்கும் பாதை உண்டு. கணக்குக் கேட்க யார் உண்டு?

கல்கத்தாவின் வடகிழக்கே, விமான நிலையத்துக்கு அருகில், வயலும் மீன் குட்டையுமாகக் கிடந்த ராஜர்ஹாட் பகுதியில் எழுந்த புதிய ஊர் நியூ டவுன். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது தூரத்து ஊர். ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை கிடைத்து வரும் தமிழ் இளைஞர்களுக்கும், டாட்டா மெடிக்கல் சென்டருக்குச் சிகிச்சைக்கு வருவோருக்கும் கல்கத்தா என்றாலே இன்று நியூ டவுன்தான்.

இந்த ஊரின் அகன்ற சாலைகளைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அந்தச் சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். மின்சார பஸ் ஓடுகிறது. தெருவுக்குத் தெரு ‘டோட்டோ’ எனப்படும் பாட்டரி ரிக்ஷா காத்து நிற்கிறது. மோட்டார் காரும் பெட்ரோல் புகையும் இல்லாமல் மக்களை இடம் கொண்டு சேர்க்கும் மாற்றுப் போக்குவரத்துக்கு இந்தியாவில் உதாரணம் காட்டக்கூடிய ஊர்களில் இதுவும் ஒன்று என்றால் மிகையாகாது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார்? போட்ட பாதை பாதையாகவே இருக்கிறதா என்று நாளை வந்து பார்ப்பவர் யார்? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமல்ல. வரி கட்டுகிற, பஸ்ஸுக்கு நிற்கிற, சைக்கிள் மிதிக்கிற ஒவ்வொருவருக்கும் சம்பந்தப்பட்ட கேள்விகள் இவை.

ஊர் பிறந்த விதம்

நியூ டவுனை உருவாக்க மேற்கு வங்க அரசு 1999-ல் ஒரு கம்பெனியை ஏற்படுத்தியது. ‘ஹிட்கோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேற்கு வங்க வீட்டு வசதி அடிப்படைக் கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம் அது. நிலத்தைக் கையகப்படுத்துவது, சாலை போடுவது, மனைகளைப் பிரித்து விற்பது ஆகிய வேலைகளை அது செய்தது. ஊரில் ஜனங்கள் குடியேறத் தொடங்கிய பிறகு குப்பை, தண்ணீர், விளக்கு போன்ற நகராட்சி வேலைகளைக் கவனிக்க 2007-ல் சட்டம் இயற்றி, நியூ டவுன் கொல்கத்தா வளர்ச்சி ஆணையம் என்ற அமைப்பை நிறுவினார்கள். சொத்து வரி வசூலிப்பதும் இந்த ஆணையம்தான்.

ஊர் ‘ஆக்‌ஷன் ஏரியா’ 1, 2, 3 என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. காரில் போகிறவர்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் என்பது தூரங்களைப் பார்த்தாலே தெரியும். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அடுத்த குடியிருப்புக்கு நடந்தால் வெயிலில் நாக்கு வறண்டு விடும். பஸ் நிற்கும் பெரிய சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள அந்தக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் இங்கே பெரிய பாடு.

அந்தப் பாட்டை அதிகம் படுகிறவர்கள் கார் வைத்திருப்பவர்கள் அல்லர். அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், காவல்காரர்கள், கட்டடக் கூலிகள், காய்கறி கொண்டு வருவோர் ஆகியோரே. இவர்களில் பலர் சுற்றியுள்ள பழைய கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரு காலத்தில் இந்த நிலத்தையே உழுதவர்களின் குடும்பத்தாரும் இவர்களில் உண்டு. சைக்கிள் பாதையும், மலிவான பஸ்ஸும், டோட்டோவும் இவர்களுக்கு அன்றாடச் சோற்றுப் பிரச்சினை.

வேண்டாம் என்ற பணம்

மத்திய அரசு 2015 ஜூன் 25-ந் தேதி ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஐந்தாண்டுகளில் ரூ.500 கோடி வரை மத்திய அரசு தரும். அதே அளவு தொகையை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நடைபாதை, சைக்கிள் பாதை, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு அதில் முக்கிய இடம் தரப்பட்டது.

மேற்பார்வைக்கும் ஒரு வழி வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு நகரத்திலும் தனியாக ஒரு கம்பெனி அமைக்க வேண்டும். மாநில அரசும் உள்ளாட்சி அமைப்பும் சரிபாதிப் பங்குதாரர்கள். இயக்குநர் குழுவில் மத்திய அரசின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். பணம் கொடுப்பவர் கையும் மேற்பார்வை பார்ப்பவர் கண்ணும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

மேற்கு வங்கத்திலிருந்து நியூ டவுன், பிதான்நகர், துர்காபூர், ஹால்டியா ஆகிய நான்கு ஊர்கள் இந்தப் போட்டியில் இறங்கின. சென்னையும் கோவையும் 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்கள் பட்டியலிலேயே இடம் பெற்றன. நியூ டவுன் 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட 13 நகரங்களில் ஒன்றாகத் தேர்வாயிற்று. ஆனால் மூன்று மாதம்கூட அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. மேற்கு வங்கம் இத்திட்டத்திலிருந்து விலகுவதாக முதலமைச்சர் மம்தா பானர்ஜி அந்த ஆகஸ்டில் அறிவித்தார். பாதிப் பணத்தை மாநிலமே போட வேண்டியிருக்கிறது, ஒரு ஊரை மட்டும் சீர்செய்தால் மற்ற ஊர்கள் பின்தங்கும் என்பவை அவர் தரப்பின் வாதங்கள். மாநிலம் தன் சொந்தச் செலவில் பசுமை நகரங்களை அமைக்கும் என்றும் சொல்லப்பட்டது.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டில் ஆயிரக்கணக்கான ஊர்கள் இருக்க, நூறு ஊர்களுக்கு மட்டும் விருந்து வைப்பது சரியா என்று வேறு பலரும் கேட்டதுண்டு. ஆனால் மத்திய அரசின் பணத்தை வேண்டாம் என்றபோது, அந்தப் பணத்தோடு வரவிருந்த கேள்விகளும் வராமல் போயின. அந்தக் கேள்விகளை இனி யார் கேட்பது என்பதற்குப் பதில் ஏற்பாடு எதுவும் ஊராருக்குச் சொல்லப்படவில்லை.

ஒரு கோடி ரூபாய்ப் பரிசு

மாநிலம் விலகினாலும் ஊர் சும்மா இருக்கவில்லை. கொரோனா நோய் பரவிய 2020-ல் பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்கி ஏறப் பயந்து ஜனங்கள் சைக்கிளைத் தேடினார்கள். மத்திய நகர்ப்புற அமைச்சகம் அந்த ஜூன் மாதம் ‘மாற்றத்துக்குச் சைக்கிள்’ என்ற கருத்தில் நகரங்களுக்கிடையே ஒரு போட்டியை அறிவித்தது. 107 நகரங்கள் பெயர் கொடுத்தன. சென்னையில் அலுவலகம் வைத்துள்ள ஐ.டி.டி.பி. இந்தியா என்ற போக்குவரத்து ஆலோசனை அமைப்பு இதில் நகரங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது என்பது தமிழர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தப் போட்டியில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. அதிகாரிகள் மேஜையில் உட்கார்ந்து வரைபடம் போட்டால் போதாது. சைக்கிளில் ஏறி, போடப்போகும் பாதையில் தாங்களே மிதித்துப் போக வேண்டும். எங்கே குழி, எங்கே இருட்டு, எங்கே பஸ் வந்து இடிக்கும் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். பிறகு கோடு போட்டும் தடுப்பு வைத்தும் செலவு குறைந்த முறையில் சோதித்துப் பார்க்க வேண்டும். சரியாக வந்தால்தான் நிரந்தரமாகக் கட்ட வேண்டும்.

முடிவு 2021 ஜூலையில் வெளியாயிற்று. பெங்களூர், புவனேசுவரம், சண்டிகர், நாகபுரி, சூரத், வாரங்கல் முதலிய ஊர்களோடு நியூ டவுனும் முதல் 11 நகரங்களில் ஒன்றாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் பரிசு ரூ.1 கோடி.

ரூ.1 கோடி என்பது நகரச் சாலைச் செலவில் சிறு தொகைதான். ஆனால் அதிகாரியையே சைக்கிளில் ஏற்றியது பெரிய காரியம். போட்டி முடிந்த பிறகும் அது தொடர வேண்டாமா? பரிசு வாங்கும்வரை பாதையைப் பார்க்க ஆயிரம் கண்கள் இருக்கும். வாங்கிய பிறகு ஒரு கண்ணாவது இருக்க வேண்டும். சைக்கிள் பாதை போட்ட எந்த இந்திய நகரத்திலும் சில ஆண்டுகளில் காணும் காட்சி நமக்குத் தெரிந்ததே. பெயிண்ட் அழிந்திருக்கும். பாதை நடுவே மோட்டார் சைக்கிள் நிற்கும். டீக்கடை பெஞ்சு முளைத்திருக்கும். கேபிள் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடாமலே கிடக்கும்.

ஒரு கை கொடுக்க, மறு கை தடுக்க

நியூ டவுன் எல்லையைத் தாண்டி கல்கத்தா மாநகருக்குள் சைக்கிளைத் திருப்பினால் கதை மாறிவிடும். மாநகரப் போலீசார் 2008-ல் 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். 2013-ல் அந்த எண்ணிக்கை 174 சாலைகளாக உயர்ந்தது. பால்காரரும் பத்திரிகை போடும் பையனும் அபராதம் கட்டும் நிலை வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு பட்டியல் 62 சாலைகளாகக் குறைந்தது. 2020-ல் நோய்க் காலத்தில் மேலும் தளர்வு தந்தார்கள். நியூ டவுன் பிதான்நகர் போலீஸ் கமிஷனரின் எல்லையில் இருப்பதால் இந்தத் தடை அங்கே இல்லை.

இதே மாநில அரசு 2015-ல் ‘சபுஜ் சாத்தி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. கோடிக்கு மேற்பட்ட சைக்கிள்கள் வழங்கப்பட்டன. 2019-ல் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த தகவல் சமூக உச்சி மாநாட்டின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆக, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை சைக்கிள் கொடுத்தது. மாநகரப் போலீஸ் சைக்கிளைத் தடுத்தது. புது நகர ஆணையம் சைக்கிளுக்குப் பாதை போட்டது. மூன்றும் ஒரே மாநிலத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில்! பணம் இல்லாத குறை அல்ல இது. மூவரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்து, ‘நம் கொள்கைதான் என்ன?’ என்று கேட்க ஆள் இல்லாத குறை.

சைக்கிள் தமிழர்களுக்குப் புதிதன்று. 2001-ல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பெண்கள் பழகினார்கள். ஒரு லட்சம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்பது கணக்கு. கல் உடைக்கும் பெண்ணும் அங்கன்வாடி ஊழியரும் பஸ்ஸை எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் போய் வந்தார்கள்.

அங்கே கோடிக்கணக்கில் செலவு இல்லை. சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்ததே அரசின் உதவி. மேற்பார்வையும் ஊருக்குள்ளேயே இருந்தது. எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதை எந்த அறிக்கையும் பார்க்காமல் சாலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பஸ் ஓடினால்தான் பாக்கிப் பணம்

மின்சார பஸ்ஸின் கதை வேறு. இங்கே மத்திய அரசின் பணம் வந்தது, சரியாகவே பயன்பட்டது. மின்சார வாகனங்களைப் பெருக்க 2015-ல் தொடங்கிய ‘ஃபேம்’ திட்டத்தின் முதல் கட்டத்தில் கல்கத்தாவுக்கு 80 பஸ்கள் கிடைத்தன. விலையில் சுமார் 60 சதவிகிதம் மத்திய மானியம். மூன்று பழைய அரசுப் போக்குவரத்து நிறுவனங்களை இணைத்து 2016-ல் அமைந்த மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் அவற்றை வாங்கி ஓட்டியது. பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி அமைந்த டிப்போக்களில் நியூ டவுனும் ஒன்று. இதற்காக 2019-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நடந்த சி-40 நகரங்கள் மாநாட்டில் கல்கத்தாவுக்குப் பசுமைப் போக்குவரத்து விருதும் கிடைத்தது.

2019 ஏப்ரலில் தொடங்கிய ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத்தில் விதிகள் இன்னும் இறுக்கமாயின. பஸ்ஸை அரசே வாங்க வேண்டியதில்லை. தனியார் கம்பெனி பஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்டும். அரசுக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும். மானியமும் ஒரே மூச்சில் கிடைக்காது, மூன்று தவணை. கடைசித் தவணை, பஸ் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகுதான். வாங்கியதற்கு அல்ல, ஓடியதற்கே பணம் என்பது இதன் சாரம். சைக்கிள் பாதைக்கும் இதுபோல ஒரு விதி இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆனால் கண்காணிப்பு என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. 2022-ல் கல்கத்தா, டில்லி, பெங்களூர், ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களுக்கும் சேர்த்து 5,450 மின்சார பஸ்களுக்கு ஒரே டெண்டர் விட்டார்கள். இதில் கல்கத்தாவின் பங்கு 1,180. கிலோமீட்டர் வாடகை மலிவாக வந்தது என்று பாராட்டு எழுந்தது. பஸ் கம்பெனிகளின் கவலையோ வேறு. மாநிலக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன. மாதாமாதம் வாடகை வராவிட்டால் நாங்கள் யாரைக் கேட்பது, வங்கிக் கடனை எப்படிக் கட்டுவது என்று கேட்டார்கள். இந்தப் பயம் நாடு முழுவதும் மின்சார பஸ் டெண்டர்களைத் தடுமாற வைத்தது. அதைப் போக்கவே 2024 செப்டம்பரில் மத்திய அரசு ரூ.3,435 கோடியில் ஓர் உத்தரவாத ஏற்பாடு செய்தது. மாநிலக் கழகம் வாடகை தராவிட்டால் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்படும்; பிறகு மாநிலத்தின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து அது பிடித்துக்கொள்ளப்படும்.

டோட்டோவுக்கு யார் துணை?

அரசுப் பணம் எட்டிப் பார்க்காத ஒரு வாகனமும் நியூ டவுனில் உண்டு. அதுதான் டோட்டோ. பஸ் இறங்கும் இடத்திலிருந்து வீடு வரையிலான கடைசித் தூரத்தை அடைக்கும் வேலையை எந்தத் திட்டமும் சொல்லாமலே தானாகச் செய்துகொண்டிருக்கும் வண்டி அது.

பாட்டரி ரிக்ஷா இந்தியச் சாலைகளில் முதலில் சட்டத்துக்குத் தெரியாமலேதான் ஓடியது. 2014 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம் அங்கே அதைத் தடை செய்தது. அதன் பிறகே மத்திய அரசு விழித்துக்கொண்டு அந்த அக்டோபரில் விதிகளை வகுத்தது. நான்கு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஓட்டுநருக்கு லைசென்ஸ் வேண்டும். 2015-ல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது.

மானியம் என்று வந்தபோது ‘ஃபேம்’ இரண்டாம் கட்டம், நவீன லித்தியம் பாட்டரி உள்ள வண்டிகளுக்கே என்று சொல்லிவிட்டது. சாதாரண டோட்டோக்காரர் வாங்குவதோ ஈய அமில பாட்டரி வண்டி. அதுதான் அவர் கைக்கு எட்டும் விலை. ஆகவே அவர் மனைவியின் நகையை வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ வண்டியைச் சாலைக்குக் கொண்டு வந்தார். அவ்வப்போது பாட்டரி மாற்றும் செலவும் அவர் தலையில். சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று அரசு கொடுத்த மானியம், சொந்தக் கடனில் அந்த நல்லதைச் செய்துகொண்டிருந்தவரை எட்டவில்லை.

2025 அக்டோபரில் மேற்கு வங்க அரசு டோட்டோக்களுக்குத் தற்காலிகப் பதிவு எண் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. எண்ணிக்கை தெரியாமல் ஒழுங்குபடுத்த முடியாது; ஆகவே இது சரியான முதற்படி. ஆனால் டோட்டோக்காரரின் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அரசு அவரிடம் முதலில் வருவது கட்டணம் கேட்டும் விதி சொல்லியும்தான். நிற்க இடம், சார்ஜ் ஏற்ற இடம், நல்ல பாட்டரிக்குக் கடன் ஆகிய மூன்றும் அந்தப் பதிவு எண்ணோடு சேர்ந்து வந்தால் அவரே விதியை மதிக்கும் முதல் ஆளாக இருப்பார்.

1953 சொல்லும் கதை

பொதுப் போக்குவரத்துக்குக் கணக்குக் கேட்பதில் கல்கத்தாவுக்குப் பழைய பாரம்பரியம் ஒன்று உண்டு. 1953 ஜூலையில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான டிராம் கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. ஒரு பைசாதானே என்று ஊர் விட்டுவிடவில்லை. பழைய கட்டணத்தையே நீட்டினார்கள், டிராமைப் பகிஷ்கரித்தார்கள். போலீஸ் தடியடியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. கடைசியில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 1967-ல் கம்பெனியின் நிர்வாகத்தை மாநில அரசே ஏற்றுக்கொண்டது.

அதே 1953-ல், சில மாதங்களுக்கு முன் ஏப்ரலில், சென்னையில் 1895 முதல் ஓடிய மின்சார டிராம் நஷ்டக் கணக்கில் நின்று போயிற்று. புகையில்லாத அந்த வண்டியை இழந்த சென்னை, பின்னாளில் கோடி கோடியாகச் செலவிட்டு மெட்ரோ ரயில் போட வேண்டி வந்தது. கல்கத்தா டிராம் தப்பிப் பிழைத்தது. ஆனால் பாதைகள் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டு, 2024 செப்டம்பரில் எஸ்பிளனேடு - மைதானம் என்ற ஒரு பாதையை மட்டும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளப் போவதாக அரசு அறிவித்தது. பைசாவுக்குக் கணக்குக் கேட்ட ஊரில் தண்டவாளத்துக்குக் கணக்குக் கேட்க நீதிமன்றம்தான் போக வேண்டியிருந்தது.

கணக்குக் கேட்கும் இடம்

நியூ டவுனுக்குத் திரும்புவோம். இந்த ஊர்வாசி சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிறார். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடுகிறார். ஆனால் சொத்து வரி வசூலிக்கும் வளர்ச்சி ஆணையத்துக்கு ஓட்டுப் போடுவதில்லை. அதன் உறுப்பினர்கள் அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். விளக்கு எரியவில்லை என்றாலும், சைக்கிள் பாதையில் கார் நிற்கிறது என்றாலும் வாசலில் போய் நிற்க ஒரு கவுன்சிலர் கிடையாது. மனு எழுதலாம், அதிகாரி நல்லவராக இருந்தால் வேலை நடக்கும். பல வேலைகள் அப்படி நன்றாகவே நடந்திருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனால்?

ஹிட்கோ அரசுக் கம்பெனியாதலால் அதன் கணக்கு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அதிகார வரம்புக்குள் வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்த அமைப்புகளுக்குப் பொருந்தும். ஆனால் தணிக்கை என்பது பணம் செலவான பல ஆண்டுகளுக்குப் பிறகு வருவது. ரசீது சரியா என்று அது பார்க்கும். காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் அந்தப் பாதையில் பயமில்லாமல் மிதிக்க முடிகிறதா என்று பார்க்காது.

இந்தக் குறை நியூ டவுனுக்கு மட்டும் உரியதல்ல. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவிகிதம் நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் என்று அதில் எழுதினார்கள். நாட்டுக்கே முன்மாதிரி என்று புகழப்பட்டது. 2019 நவம்பரில் திறந்த தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை அதன் நல்ல பலன்களில் ஒன்று. ஆனால் பாண்டி பஜாரிலிருந்து நாலு தெரு தள்ளிப் போனால் நடைபாதை எங்கே என்று தேட வேண்டும். எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டு வர 2010-ல் சட்டம் இயற்றி அமைத்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் முழு வேகத்தில் வேலை தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பாரிஸ் நகரம் 2007-ல் தொடங்கிய ‘வெலிப்’ வாடகை சைக்கிள் உலகப் புகழ் பெற்றது. 2018 ஜனவரியில் அதை நடத்தும் பொறுப்பு புதிய கம்பெனிக்கு மாறியபோது மாதக்கணக்கில் நிலையங்கள் திறக்கவில்லை, சைக்கிள் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே ஒப்பந்தத்திலேயே அபராதம் எழுதியிருந்தது. கேள்வி கேட்க மேயர் இருந்தார். மேயரைக் கேள்வி கேட்க ஓட்டுப் போட்ட ஜனங்கள் இருந்தார்கள். கம்பெனி அபராதம் கட்டியது. சேவையும் மெல்ல நிமிர்ந்தது. தவறு எங்கும் நடக்கும். தவறைத் திருத்தும் வழி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பாதை போட ஒதுக்கும் பணத்தோடு அதைப் பராமரிக்கும் பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். காண்டிராக்டருக்குக் கடைசித் தவணை, மின்சார பஸ்ஸுக்குச் செய்ததுபோல, பாதை சில மாதம் நல்ல நிலையில் பயன்பட்ட பிறகே தரப்பட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். எவ்வளவு செலவு, யார் கட்டியது, யார் பராமரிப்பது, யாரிடம் புகார் செய்வது என்று பாதை தொடங்கும் இடத்திலேயே வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை வைக்கலாம். பலகைக்கு ஆகும் செலவு அற்பம். அதனால் வரும் பயம் பெரிது.

மூன்றாவது, போட்டிக்காக அதிகாரிகள் சைக்கிள் மிதித்தார்களே, அதை ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாயமாக்கலாம். கூடவே ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணும், ஒரு காவல்காரரும், ஒரு டோட்டோ ஓட்டுநரும் போகட்டும். அவர்கள் சொல்வதை எழுதி வெளியிடட்டும். எந்தத் தணிக்கை அறிக்கையைக் காட்டிலும் அது உண்மையான அறிக்கையாக இருக்கும்.

நான்காவது, ஆணையத்தில் ஊர்வாசிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். வரி கொடுப்பவனுக்கு வாக்கும் உண்டு என்பது குடியரசின் அரிச்சுவடி.

கல்கத்தா வாழ் தமிழர்கள் இதில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நியூ டவுன் அடுக்குமாடிகளின் குடியிருப்போர் சங்கங்களில் நம்மவர்கள் பலர் உறுப்பினர்கள். லிஃப்ட் ரிப்பேருக்கும் தண்ணீர் டாங்கிக்கும் கூட்டம் போடுகிற சங்கம், வாசலுக்கு வெளியே போகும் சைக்கிள் பாதைக்காக ஒரு கடிதம் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட ஆகும் கட்டணம் பத்து ரூபாய்தான்.

நியூ டவுனின் சைக்கிள் பாதையில் அதிகாலையில் மிதித்துப் போகும் பெண்ணுக்கு மத்திய மானியம், மாநிலப் பங்கு, ஆணையம், கழகம் என்ற பெயர்களெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாதை இன்று இருந்ததுபோல் நாளையும் இருக்குமா என்பதே அவர் கேள்வி. ‘இருக்கும்; நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பெயர் சொல்லிப் பதில் கூற ஒருவர் இருந்தால், போட்ட பணம் வீணாகாது.